ஒரு நாள்கூடத் தவறாதவன்

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே எங்களை ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். தலைப்பு, ‘நான் கண்ட நியாயமான பள்ளிக்கூடம்’. மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, நான் மட்டும் விறுவிறுவென்று நான்கு பக்கம் எழுதித் தள்ளினேன். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப்போன என்னை ஒரு பள்ளிக்கூடம் எப்படிச் சேர்த்துக்கொண்டது, எப்படி மேடையேற்றிப் பரிசு கொடுத்தது என்பதுதான் விஷயம். அதை வகுப்பில் என்னையே வாசிக்கவைத்தார்கள். ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு வாசித்தேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்.

அந்த நான்கு பக்கத்தில் என் அக்கா ஒரே ஒரு வாக்கியத்தில் வருகிறாள். ‘என் அக்கா தினமும் என்னைத் தூக்கிக்கொண்டு போய் விடுவாள்.’ அத்தோடு சரி. அவளுக்குக் கொடுத்த இடம் போதும் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்தக் கட்டுரைக்கு நல்ல மார்க்கும் போட்டுவிட்டார்கள். திருத்த யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் இப்போது திருத்துகிறேன்.

நாங்கள் கருங்குழிப் பக்கத்தில் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் பிழைத்த குடும்பம். எழுபதுகளின் தொடக்கத்தில் நைனாவுக்கு ரயில்வே கேங்கில் வேலை கிடைத்ததும் செங்கல்பட்டுக்கு வந்துவிட்டோம். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஓர் ஓட்டு வீடு. நைனா விடிவதற்குள் சம்மட்டியோடு கிளம்பிவிடுவார். அம்மா ரைஸ் மில்லுக்குப் போய்விடுவாள். ஆகவே என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற வேலை, யாரும் யாரையும் கேட்காமலே, என்னைவிட மூன்று வயது மூத்த அக்காவின் முதுகில் ஏறிக்கொண்டது. அவள் ஆறாவது, நான் நாலாவது. நான் ஒல்லிதான் என்றாலும் ஒன்பது வயதுப் பையன். உப்புமூட்டை ஏறிக்கொண்டு, அவள் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொள்வேன். என் பையும் அவள் பையும் அவள் தோளின் இரண்டு பக்கமும் தொங்கும்.

ஊரில் மூன்றாவது முடித்திருந்த என்னை இங்கே முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. விழுந்து கிழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கால்தானே சரியில்ல? கண்ணு, காது எல்லாம் இருக்கில்ல? எழுதுங்க பேரை” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். மற்றப் பள்ளிக்கூடங்கள் எத்தனையோ பேரை வெளியே நிறுத்தியிருந்த காலம் அது.

அவர் நியாயஸ்தர். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்பது அவருடைய மந்திரம். பெரிய வீட்டுப் பையனுக்கும் அதே பிரம்பு, கூலிக்காரர் மகனுக்கும் அதே பிரம்பு. பள்ளிக்கூடத்துக் கேட்டின் சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும். காலை ஒன்பதே காலுக்குத் திறப்பார்; ஒரு நிமிஷம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒன்பதரைக்கு மணி அடிக்கும்.

அக்காவின் பள்ளிக்கூடத்திலும் ஒன்பதரைக்குத்தான் மணி. அது ரயில்வே கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம். எங்கள் பள்ளியிலிருந்து ஓடினாலே இருபது நிமிஷம். நடுவில் ரயில் வந்து கேட்டைப் போட்டுவிட்டால் அவ்வளவுதான். ஒன்பது மணிக்கே என்னை விட்டுவிட்டால் அவள் நேரத்துக்குப் போய்விடலாம். முதல் வாரம் அப்படித்தான் செய்தாள். பூட்டியிருந்த கேட்டுக்கு எதிரே ஒரு சின்ன மதகு இருந்தது. அதன் கட்டையில் என்னை உட்காரவைத்து, “இங்கியே குந்திகினு இருடா. இப்ப தொறந்துடுவாங்கோ, பசங்க யாரனா தூக்கிகினு போவாங்கோ” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சந்தைக்குப் போய்விட்டுக் கூடையோடு வந்த ஓர் அம்மாள் என் எதிரில் நின்றார். என் காலைப் பார்த்தார். உச்சுக்கொட்டினார். கூடையிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார். நான் என்ன செய்தேன் என்று கேட்க வேண்டும். தோலை உரித்துச் சாப்பிட்டேன். நல்ல பழம். எதிரே வந்து நின்ற பையன்கள் அதைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் எனக்கு விஷயமே உறைத்தது. அன்று சாயங்காலம்வரை ‘அம்மா தாயே’ என்று கை நீட்டிக்கொண்டே என்னைச் சுற்றி வந்தார்கள்.

சாயங்காலம் தூக்கிக்கொள்ள வந்த அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். “இனிமே என்னை வெளியில வுட்டுட்டுப் போனீன்னா நான் இஸ்கூலுக்கே வரமாட்டேன். உள்ள வந்து பெஞ்சில குந்தவச்சிட்டுத்தான் போவணும். நீதான். வேற யாரும் என்னைத் தூக்கக் கூடாது.”

“கேட்டு தொறக்கறதுக்கு நேரமாயிடுதேடா.”

“அப்ப நான் வரல.”

“சரி, ஏறு” என்று குனிந்தாள்.

அன்றிலிருந்து தினமும் ஒன்பதே கால்வரை அவளும் மதகிலேயே உட்கார்ந்திருப்பாள். கேட் திறந்ததும் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, நாலாம் வகுப்பு முதல் பெஞ்சில் இறக்கி, என் இரண்டு காலையும் நேராக எடுத்துவைத்து, சிலேட்டை முன்னால் வைத்துவிட்டு ஒரே ஓட்டம். பின்னலை வாயில் கவ்விக்கொண்டு ஓடுவாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்; எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். ஒரே ஒருநாள் தலைமை ஆசிரியரிடம் போய், “சார், ஒரு கால் மணி முன்னாடி தொறந்தீங்கன்னா…” என்று ஆரம்பித்தாள். அவர் கோபிக்கவில்லை. “ஒருத்தனுக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும்மா. உன் தம்பிக்குன்னு தனிச் சட்டம் போட்டா நாளைக்கு அவனையே மத்த பசங்க கேலி பண்ணுவாங்க” என்று பொறுமையாகச் சொன்னார். நான் அவள் முதுகிலிருந்து தலையை ஆட்டினேன். அவர் சொன்னது எனக்கு ரொம்பச் சரியாகப் பட்டது.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அக்கா சோற்றைப் பிசையாமல் விரல் நுனியால் எடுத்து எடுத்துச் சாப்பிட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்து தடித்திருந்தது.

“இன்னாடி இது?”

“கணக்கு தப்பா போட்டேன்மா. டீச்சர் அடிச்சிட்டாங்கோ.”

நைனா தட்டிலிருந்து நிமிர்ந்தார். முரட்டு மனிதர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு ஜங்ஷனுக்குப் போய் ரயில் காட்டுகிறவர். ஆனால் படிப்பென்பது நம்மைப் போன்றவர்களுக்குக் கூடுதல் செலவு என்ற எண்ணம் அவருக்குள் எப்போதும் இருந்தது.

“தே பாரு, இவனைத் தூக்கிகினு அலையறது உனுக்குப் பேஜாருன்னா இப்பவே சொல்லிடு. இவன் வூட்லயே இருக்கட்டும். டைலர் கடைல வுட்டா பட்டனுக்குக் காஜா எடுக்கவாவது கத்துக்குவான். அதுக்குக் காலு வேணாம், கை இருந்தா போதும்.”

“பேஜாரெல்லாம் ஒண்ணியும் இல்ல நைனா” என்றாள் அக்கா உடனே. “இவன் இன்னா வெயிட்டா கீறான், கோழிக்குஞ்சாட்டம்.”

கோழிக்குஞ்சு என்றதற்கு நான் அவளை முழங்கையால் இடித்தேன்.

ஜனவரியில் எங்கள் பள்ளியிலிருந்து மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா. ‘இவன் வேண்டாம், மணலில் சிரமம்’ என்று ஒரு வாத்தியார் சொன்னார். தலைமை ஆசிரியர், “வகுப்பு போகுதுன்னா வகுப்பு மொத்தமும்தான் போகும். அவனைத் தூக்க அவன் அக்கா வரட்டும்” என்று முடித்துவிட்டார். அக்கா தன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தாள். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் போகும்போது அவள் என்னைவிட அதிகமாக ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அவள் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

ஐந்து ரதத்துக்குப் பக்கத்தில் மணல் ஆரம்பித்தது. நாலு எட்டு வைப்பதற்குள் அக்காவின் கால் கணுக்கால்வரை புதைந்தது. மூச்சு வாங்கினாள். அப்போது என் வகுப்பில் மூன்றாவது வருஷமாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் வந்து குனிந்தான். மார்க்கெட்டில் சாக்கும் கயிறும் விற்கும் பாயின் மகன். வாழைப்பழத்துக்குச் சிரித்த கூட்டத்தில் அவனும் இருந்தான்.

“ஏறு மச்சான்” என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அக்காவின் முதுகிலிருந்து என்னை அப்படியே உருவித் தன் முதுகில் போட்டுக்கொண்டான். “அய்யே, நீ எங்க கடைச் சாக்குக் கட்டுல பாதிகூட இல்லியேடா!” என்று சொல்லிவிட்டு நடந்தான்.

முதுகு காலியானதும் அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்சநேரம் கூடவே வந்தாள். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் கடல் தெரிந்தது. அவ்வளவுதான், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவிட்டாள். ஒவ்வோர் அலைக்கும் வீல் வீலென்று கத்தினாள். விழுந்தாள், எழுந்தாள், மறுபடி ஓடினாள். தினமும் அவள் ஓடி நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஓடியது வேறு மாதிரி இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. “அக்கா! வாக்கா!” என்று பாய் மகனின் முதுகிலிருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற தலைமை ஆசிரியர், “சும்மா இருடா. அந்தப் பொண்ணு கொஞ்சநேரம் விளையாடட்டும்” என்று அதட்டினார். அவரிடம் நான் வாங்கிய ஒரே அதட்டல் அதுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாய் மகன் எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். “அக்கா, நாளைலேந்து நீ இவன மதகாண்ட வுட்டுட்டு ஓடிடு. நான் ஒம்போதுக்கே வந்து கூட குந்திக்கிறேன். கேட்டு தொறந்தா நானே தூக்கிகினு போயி பெஞ்சில போட்டுடறேன். இன்னா சொல்ற?”

அக்கா என்னைத்தான் பார்த்தாள். பாவாடை ஈரம் இன்னும் காயவில்லை. முகத்தில் உப்பு பூத்திருந்தது. நான் சொல்லப்போகும் பதிலுக்காக அவள் அப்படிக் காத்திருந்து நான் அதற்குமுன் கண்டதில்லை.

“வேணாம். இவன்மேல சாக்கு நாத்தம்” என்றேன்.

நாற்றம் இருந்தது உண்மை. ஆனால் காரணம் அதுவல்ல. அக்காவின் முதுகில் இருந்தால் நான் தம்பி. மற்றவன் முதுகில் இருந்தால் நொண்டி. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சாக்கின் மேல் பழியைப் போட்டேன். பாய் மகன் கோபித்துக்கொள்ளவில்லை. “போடா பெரிய மவராசா” என்று என் தலையில் தட்டிவிட்டுப் போனான். அக்கா, “சரி வுடு” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வருஷம் நான் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. மழையில் ஏரிக்கரைத் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்றபோதும் போனேன். அக்காவுக்கு ஜுரம் அடித்த நாளிலும் போனேன். அவள் முதுகு எனக்குக் கதகதப்பாக இருந்தது. ஏப்ரலில் பரீட்சை நாட்களில் இன்னொரு சுகம். அக்கா தன் பள்ளிக்கூடத்துக்கு ஓடாமல் சாயங்காலம்வரை மதகிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக நான் கையை ஆட்டினால் அவளும் ஆட்டுவாள். அவளுக்கு முன்கூட்டியே லீவு விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளி ஆண்டு விழாவில் முழு வருகைக்கான பரிசு எனக்கு. என் பெயரைப் புள்ளிப் புள்ளியாக வெட்டிய ஓர் எவர்சில்வர் டம்ளர். அக்கா என்னை மேடைப் படிகளில் தூக்கிக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கீழே இறங்கி ஓரமாக நின்றாள். தலைமை ஆசிரியர் மைக்கில் பேசினார். “இந்தப் பையனால நடக்க முடியாது. ஆனா ஒருநாள் தவறினது இல்ல. ரெண்டு காலும் நல்லா இருந்தும் லேட்டா வர்றவங்க இவனைப் பாத்துக் கத்துக்கணும்!” கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. அக்காவும் தட்டினாள். எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினாள்.

பயிற்சிப் பள்ளியில் கட்டுரை வாசித்துக் கைதட்டல் வாங்கிய சில மாதங்களில், வகுப்பெடுத்துப் பழகுவதற்காக என்னை அனுப்பியது அக்கா படித்த அதே பள்ளிக்கூடத்துக்குத்தான். வருகைப் பதிவேடு எழுதும் முறையை ஒரு மூத்த ஆசிரியை சொல்லிக்கொடுத்தார். பேச்சுவாக்கில், முன்பு அங்கே இருந்த கண்டிப்பைப் பற்றியும் சொன்னார். மணி அடித்த பிறகு வருகிற பிள்ளைக்கு உள்ளங்கையில் ஓர் அடி. முதல் பீரியட் முடியும்வரை வெளியே நிற்க வேண்டும். மூன்று நாள் தாமதம் என்றால் ஒருநாள் ஆப்சென்ட். வருகை குறைந்தால் முழு ஆண்டுப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். “எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் சார், பாரபட்சமே கிடையாது” என்று பெருமையாக முடித்தார். என் கையிலிருந்த பேனா அப்படியே நின்றுவிட்டது.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். ஆறாவதை இரண்டாம் முறை படித்து, பத்தாவது தேறி, ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு பிள்ளைகளும் பெற்றிருந்தாள். விஷயத்தைக் கேட்டேன். “அய்யே, அது எந்தக் காலத்துக் கதை! அப்ப சொல்லியிருந்தா நைனா உன்னைக் காஜா எடுக்க இல்ல அனுப்பியிருப்பாரு? துன்னுட்டுப் போ, மீன் கொழம்பு கீது” என்றாள். நன்றி என்று சொல்ல நான் வாயெடுத்தபோது கரண்டியை ஓங்கினாள். அதனால்தான் எழுதுகிறேன். நான் படித்த ஒவ்வொரு வகுப்பும், வாங்குகிற ஒவ்வொரு மாதச் சம்பளமும், என்னை ‘சார்’ என்று கூப்பிடுகிற பிள்ளைகளும் அவள் எனக்குப் போட்ட சோறு. இன்று என் வகுப்பில் யாராவது தாமதமாக வந்தால், பேரைக் குறிப்பதற்குமுன் எங்கிருந்து வருகிறாய், யாரை விட்டுவிட்டு வருகிறாய் என்று கேட்கிறேன். அதை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் நான் கற்கவில்லை.

ஆனால் அந்த ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. பரிசு வாங்கிய மறுவாரம் அக்காவின் மதிப்பெண் அட்டை வந்தது. நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. வீட்டில் பரிசு வாங்கிய படிப்பாளி நான்தானே; என்னிடம் நீட்டினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, சிவப்பு மையில் எழுதியிருந்ததை உரக்கப் படித்தேன். ‘தேர்ச்சி இல்லை.’ முழு ஆண்டுத் தேர்வுக் கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன. காலியாக இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு நானே தீர்மானித்துக்கொண்டேன்.

“எல்லாத்துலயும் சைபர் நைனா” என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னாடி இது? உன் தம்பியப் பாரு. நடக்கமாட்டாத புள்ள ஒருநாளு தவறாம போயி பரிசு வாங்கிகினு வந்துகீறான். ரெண்டு காலும் நல்லாகீற உனுக்கு இன்னா கேடு? சொல்லு, இன்னா ஆச்சி?”

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எனக்குப் படிப்பு ஏறல நைனா.”

நான் அதை நம்பினேன். பாவமாகக்கூட இருந்தது. நைனா வெளியே போனதும் தவழ்ந்து அவள் பக்கத்தில் போய், பெரிய மனுஷன் மாதிரி அவள் தோளில் கைவைத்தேன். “அழாதக்கா. லீவுல தினமும் நானே உனுக்குச் சொல்லிக் குடுக்கறேன். படிப்பு ஏறும்” என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “சரிங்க வாத்தியாரே” என்றாள்.

என்னை முதன்முதலில் வாத்தியார் என்று கூப்பிட்டவள் அவள்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.